வலயமட்டத்தில் வென்ற பிள்ளை அடுத்து எங்கே போவது?

வாசகர் விளையாட்டுக் கேள்வி–பதில்

(பதில் சொல்பவர் கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் நீண்டகாலம் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. தருமபுரத்தில் வசிக்கிறார்.)

எல்.பி.எல்.லில் (லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில்) உங்கள் அணி எது ரீச்சர்? ஜஃப்னா கிங்ஸ் என்றால், அதில் வன்னிக்கு என்ன பங்கு?
– கிரிக்கெட் ரசிகர், பரந்தன்

ஜஃப்னாதான். 2020இல் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் முதல் கிண்ணம். பிறகு கிங்ஸ் என்று பெயர் மாறி 2021, 2022, 2024. 2024 வரை ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணம் என்றால் சும்மாவா? 2024 இறுதிப்போட்டியில் ரைலி ரூசோ சதம் அடித்தபோது எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள்.

ஆனால் எனக்கு மறக்காத நாள் 2020 டிசம்பர் 4. யாழ். மத்திய கல்லூரிப் பெடியன் விஜயகாந்த் வியாஸ்காந்த், அடுத்த நாள் 19 வயது ஆகப்போகிறவன், அம்பாந்தோட்டையில் முதல் போட்டியிலேயே அஞ்சலோ மெத்யூஸின் விக்கெட்டை எடுத்தான். லெக் ஸ்பின் போடுகிற பிள்ளையிடம் அணித்தலைவர் பந்தைக் கொடுப்பதே பெரிய நம்பிக்கை. அதன் பிறகு அவர் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு ஆடினார். 2024இல் ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் சேர்ந்து ஐ.பி.எல்.லும் ஆடினார்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். கிண்ணம் வென்ற தொடர்களில் பல போட்டிகளில் பதினொருவருக்குள் வடக்குப் பிள்ளை ஒருவர் இருந்தால் பெரிய காரியம். வடக்கில் இருந்து வெளியே பெயர் தெரிந்த பிள்ளைகளும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பழைய கல்லூரிகளில் இருந்து வந்தவர்கள். வியாஸ்காந்த் மத்திய கல்லூரி. மாலிங்க மாதிரிக் கையைச் சுழற்றி வீசுகிற குகதாஸ் மதுலன் பரி. யோவான் கல்லூரி. 2024இல் சென்னை சூப்பர் கிங்ஸ் வலைப்பயிற்சிக்கு அவரை அழைத்ததை எல்லோரும் பார்த்தோம். இந்த இரண்டு கல்லூரிகளும் ஒன்றோடொன்று 1904இல் இருந்து 'வடக்கின் பெரும் போர்' ஆடுகிறவை. அங்கே படிக்கிற பிள்ளைக்குப் பந்து, வலை, பயிற்றுநர், பழைய மாணவர்களின் பணம் எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பாடசாலைகளில் மண் தரையில் மெட்டிங் என்கிற பாய் விரித்துத்தான் கடினபந்து ஆடுகிறார்கள். மெட்டிங்கில் பந்து எழும்பும் உயரம் வேறு, புற்தரை ஆடுகளத்தில் வேறு. மாகாண அணித் தெரிவுக்குப் போகிற அன்றுதான் புற்தரையை முதன்முதலாகக் காண்கிற பிள்ளையைத் திறமை இல்லாதவன் என்று எழுதிவிடக்கூடாது. ஜஃப்னாவுக்குக் கைதட்டுவோம், அதே நேரம் அந்த அணியின் தெரிவாளர்கள் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் ஒரு முறையாவது வரவேண்டும் என்று சத்தமாகக் கேட்போம்.

என் மகளுக்கு 15 வயது. 800 மீற்றரில் வலயமட்டத்தில் முதலிடம், மாகாணத்தில் நான்காமிடம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பெரிய பாடசாலையில் சேர்த்தால்தான் முன்னுக்கு வருவாள் என்கிறார்கள். நான் வயல் செய்பவன். என்ன செய்ய?
– ஒரு தந்தை, விசுவமடு

அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் ஒதுக்கலாம்.

முதலில் ஒரு பெயர் சொல்கிறேன், மகளுக்கும் சொல்லுங்கள்: தருஷி கருணாரத்ன. 2023 ஒக்டோபர் 4, ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு விழா, பெண்கள் 800 மீற்றர் இறுதி. 2 நிமிடம் 3.20 செக்கன். தங்கம். இந்தியாவின் ஹர்மிலன் பெயின்ஸ் இரண்டாவது, சீனாவின் வாங் சுன்யு மூன்றாவது. மெய்வல்லுநர் போட்டிகளில் ஆசிய விழாத் தங்கம் இலங்கைக்கு 2002க்குப் பிறகு அன்றுதான் வந்தது. அதே நாளில் அதே நகரத்தில்தான் வியாஸ்காந்தும் இலங்கைத் தொப்பியோடு முதல் போட்டி ஆடினார் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

தருஷி அப்போது பாடசாலை மாணவி. எந்தப் பாடசாலை? கண்டி மாவட்டத்தில் வலல என்ற கிராமத்தில் இருக்கும் ரத்நாயக்க மத்திய கல்லூரி. கொழும்பு அல்ல, பெரிய கட்டணம் வாங்குகிற கல்லூரியும் அல்ல. அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். பின்னேரப் பயிற்சியை விடாமல், பிள்ளைகளை வருடக்கணக்காக ஒரே கையில் வைத்து வளர்த்தார். அகில இலங்கைப் போட்டிகளில் அந்தப் பாடசாலையின் பெயர் எப்படி அடிக்கடி வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

எங்கள் வன்னியில் உடைகிற இடமும் அதுவே. வெளியில் இருந்து ஒரு நல்ல உடற்கல்வி ஆசிரியர் நியமனம் பெற்று வருவார். பிள்ளைகளை இனங்காண ஒரு வருடம், அடிப்படை சொல்லிக்கொடுக்க ஒரு வருடம். பிள்ளை மாகாணத்தில் ஓடத் தொடங்கும்போது கஷ்டப்பிரதேசச் சேவைக்காலம் முடிந்து ஆசிரியருக்கு இடமாற்றம். புதிதாக வருபவர் கரப்பந்தாட்டக்காரராக இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அது. பிள்ளை மட்டும் நடுவில் நிற்கும். மைதானத்தையும் சப்பாத்தையும் எப்படியாவது தேடலாம். ஒரே பிள்ளையோடு நாலைந்து வருடம் நிற்கிற ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். நான் எங்கே பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்: வலய அலுவலர்கள் இடமாற்றப் பட்டியல் போடும்போது, தேசிய மட்டத்துக்குத் தயாராகிற பிள்ளைகளின் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் மகளை மாற்றுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். அங்கே யார் பயிற்றுவிப்பார்? அவர் அங்கே எத்தனை வருடம் இருப்பார்? விடுதியில் காலை ஐந்தரைக்குப் பிள்ளை ஓடப் போனால் யார் கூட நிற்பார்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்காவிட்டால் விசுவமடுவிலேயே வைத்திருங்கள். 15 வயதில் மாகாணத்தில் நான்காவது என்பது நல்ல இடம், அவசரம் இல்லை.

இப்போதைக்கு வீட்டில் செய்யக்கூடியவை. 800 மீற்றர் இரண்டு சுற்று. எங்கள் பிள்ளைகள் வெடிச்சத்தம் கேட்டதும் 200 மீற்றர் ஓடுவது போலப் பாய்ந்து, கடைசி 200இல் கால் கட்டி நிற்பார்கள். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் வித்தியாசம் வராமல் ஓடப் பழக வேண்டும். கைத்தொலைபேசியில் நேரம் பிடிக்கலாம், அதற்கு நீங்களே போதும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, கட்டாயம்.

ஸ்பைக் சப்பாத்து வாங்கினால் ஊசியைக் கவனியுங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் தியகமவில் இருக்கிற செயற்கை ஓடுபாதையில் ஓடுவதற்கும் எங்கள் புல் மைதானத்தில் ஓடுவதற்கும் ஒரே ஊசி சரிவராது. செயற்கை ஓடுபாதைக்குக் குட்டை ஊசி, 6 மில்லிமீற்றர். புல்லுக்கு அதைவிட நீளம். கழற்றி மாட்டுகிற சாவி பெட்டிக்குள் இருக்கும், தொலைக்க விடாதீர்கள். போட்டிக்கு முதல்நாள் புதுச் சப்பாத்துப் போடவே கூடாது.

இன்னொன்று, இதைத் தந்தையிடம் சொல்லத் தயங்குவார்கள், நான் தயங்கவில்லை. பெண்பிள்ளை தூர ஓட்டம் ஓடினால் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவது வழமை. திடீரென்று களைப்பு, நேரம் கூடிக்கொண்டு போவது, மூச்சு வாங்குவது என்றால் சோம்பல் என்று ஏசாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால் அது சாப்பாடு போதவில்லை என்பதற்கு உடம்பு தரும் அறிகுறி, வைத்தியரிடம் காட்ட வேண்டும். முருங்கையிலை, நெத்தலி, கௌபி, முட்டை எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தாயிடமும் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

தர்ஜினி சிவலிங்கம் உயரத்தால்தான் கோல் போட்டார், அதில் என்ன திறமை என்று என் அண்ணா சொல்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– உயர்தர மாணவி, முள்ளியவளை

உங்கள் அண்ணாவை ஒரு நாள் வலைப்பந்தாட்ட மைதானத்துக்குக் கூட்டிவாருங்கள் மகள்.

வளையம் 3.05 மீற்றர் உயரத்தில். தர்ஜினி 2.08 மீற்றர். கையை உயர்த்தினால் கிட்ட வருகிறார், உண்மை. ஆனால் பந்து கையில் மூன்று செக்கனுக்கு மேல் இருக்கக்கூடாது. ஓடி வந்து போட முடியாது, நின்ற காலை இழுத்து வைக்கவும் முடியாது. பின்னால் தடுப்பவர் தோளோடு தோள் நின்று இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார். அந்த நெருக்கத்தில் தலைக்கு மேலே வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடித்து, சமநிலை குலையாமல் திரும்பிப் போட வேண்டும். உயரமான பிள்ளைகள் பலர் அந்த முதல் பிடியிலேயே தவறுவார்கள். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல் போட்டவர் தர்ஜினி. இலங்கை 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். அவுஸ்திரேலியக் கழகங்கள் அவரை அழைத்து ஆடவைத்தன. உயரத்துக்காக மட்டும் யாரும் அப்படி அழைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்துப் பெண்பிள்ளை, இவ்வளவு உயரத்தோடு பஸ்ஸிலும் கடையிலும் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார்? அதையெல்லாம் தாண்டி இலங்கைச் சீருடை போட்டார். எனக்குக் கண் நிறைந்த வீராங்கனை அவர்.

யாழ்ப்பாணத்துக்குப் பெரும் போர் இருக்கிறது, பொன் அணிகளின் போர் இருக்கிறது. வன்னிக் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு பெயர்பெற்ற மாச் ஏன் வரவில்லை?
– பழைய மாணவர், கிளிநொச்சி (இப்போது கனடாவில்)

பெரிய மாச் என்பது தகப்பன் ஆடிய மைதானத்தில் மகனும் ஆடுவது. அதற்குப் பாடசாலை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் பாடசாலைகள் நிற்கவில்லை. கிளிநொச்சிப் பாடசாலை ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் நடந்தது, பிறகு திரும்பி வந்தது, பிறகு 2008இல் மறுபடி கிழக்கு நோக்கிப் போனது. 2009இல் பிள்ளைகள் செட்டிகுளத்து முகாம் கொட்டிலுக்குள் படித்தார்கள்.

நான் கற்பித்த பாடசாலையின் விளையாட்டுப் பதிவுப் புத்தகம் அந்த இடப்பெயர்வில் போனது. எந்த வருடம் யார் 100 மீற்றரை எத்தனை செக்கனில் ஓடினார், நீளம் பாய்தலில் யார் எவ்வளவு பாய்ந்தார், எல்லாம் அதில் இருந்தது. மீளக்குடியேறி முதல் இல்ல மெய்வல்லுநர் போட்டி வைத்தபோது ஒப்பிட ஒன்றும் இல்லை. ஆகவே அன்று வென்ற ஒவ்வொரு பிள்ளையையும் 'புதிய சாதனை' என்றே அறிவித்தோம். ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அதைச் சொன்னபோது பெற்றோர் கைதட்டினார்கள், வயதான பழைய மாணவர் சிலர் அழுதார்கள். அவர்களுடைய சாதனைகள் அந்தப் புத்தகத்தோடு போய்விட்டன என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கிற உங்களைப் போன்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பழைய சான்றிதழ், பதக்கம், அணிப் புகைப்படம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து உங்கள் பாடசாலைக்கு அனுப்புங்கள். பதிவுப் புத்தகத்தை மறுபடி எழுதலாம். கிண்ணம் வாங்கித் தருவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

2012இல் முரளியின் பெயரில் தொடங்கிய நல்லிணக்கக் கிண்ணத்துக்காகக் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் மைதானம் திருத்தி, தெற்குப் பாடசாலைகளை இங்கே அழைத்து ஆடவைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் காலியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வந்த பிள்ளைகளோடு முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்: சைகையில், அரைகுறைச் சிங்களத்தில், இங்கிலீசில். அப்படி ஒரு தொடர் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வன்னியில் நடக்குமானால் இருபது வருடத்தில் நமக்கும் ஒரு பெரும் போர் வரும்.

முரளியா, ஷேன் வோர்னா?
– வாசகர், வட்டக்கச்சி

முரளி. 800 விக்கெட். 2010இல் காலியில், தன் கடைசி டெஸ்ட் போட்டியில் எட்டு விக்கெட் தேவை என்ற நிலையில் இறங்கி எட்டையும் எடுத்தவர். வோர்ன் பெரிய கலைஞர், மறுக்கவில்லை.

எனக்கு 47 வயது. இனி ஓடப் பழகலாமா, சனம் சிரிக்குமா?
– குடும்பத் தலைவி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, முள்ளியவளை உங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்கே அகிலத்திருநாயகி அம்மா இருக்கிறார். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் கொண்டுவந்தார். 47 இளம் வயது. முதலில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்துவிட்டு, வேக நடையில் தொடங்குங்கள். இரண்டு மாதம் நடந்த பிறகு நடுநடுவே ஓடுங்கள். சேலையோடு ஓட வேண்டாம், வசதியான உடுப்புப் போடுங்கள். சனம் ஒரு கிழமை பார்க்கும், பிறகு இரண்டு பேர் கூட வருவார்கள்.

அண்மையில் பார்த்ததில் உங்களுக்குப் பிடித்த போட்டி?
– வாசகர், நெடுங்கேணி

2024 ஜூலை 28, தம்புள்ளை. பெண்கள் ஆசியக் கிண்ண இறுதி. இந்தியா 165. நாங்கள் இந்தியாவிடம் இறுதிப்போட்டிகளில் ஐந்து முறை தோற்றவர்கள். சமரி அத்தபத்து 61. அவர் ஆட்டமிழந்ததும் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தப் போனார்கள், நான்தான் பொறுங்கள் என்றேன். ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69, கவிஷா டில்ஹாரி வேகமாக 30. எட்டு விக்கெட்டால் வெற்றி, அதுவும் எட்டுப் பந்து மிச்சம். வருடக்கணக்காக சமரி ஒருவரே தூக்கிய அணியில், அவர் போன பிறகு மற்றப் பிள்ளைகள் முடித்துக் கொடுத்தார்கள். அதற்காகத்தான் அந்த மாச் எனக்குப் பிடிக்கும். அன்று பின்னேரம் எங்கள் மைதானத்தில் பெண்பிள்ளைகள் மட்டை கேட்டு வந்தார்கள்.

மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வருகிறதே. வன்னிக்கு அதனால் நன்மை உண்டா?
– விளையாட்டுக்கழகச் செயலாளர், பூநகரி

2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். கட்டட்டும், சந்தோஷம். உங்கள் ஊரில் இருந்து சங்குப்பிட்டிப் பாலம் ஏறினால் கிட்டத்தான், போய்ப் பார்க்கலாம். ஆனால் பார்க்கிற மைதானம் வேறு, பழகுகிற மைதானம் வேறு. வருடத் தொடக்கத்தில் இல்லப் போட்டி வரும்போது எங்கள் மைதானங்களில் மாரித் தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது. சுண்ணாம்பு போட்ட கோடு அடுத்த நாள் காணாமல் போகும். ஒரு வடிகால், ஒரு லோட் கிரவல், ஒரு உருளை, ஒரு தண்ணீர்க் குழாய். உங்கள் கழகம் பிரதேச சபைக்கு எழுதுகிற அடுத்த கடிதத்தில் இந்த நாலையும் கேளுங்கள். தகவலுக்கு ஒரு பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் போடுங்கள்.

மகன் உயர்தரம் படிக்கிறான். ரியூசனை விட்டு உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போகிறான். இரண்டில் ஒன்றை விடச் சொல்லலாமா?
– ஒரு தாய், இராமநாதபுரம்

விடச் சொல்லாதீர்கள் அக்கா. எந்த நாள் எதற்கு என்று கடதாசியில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்தில் மூன்று பின்னேரம் பயிற்சி, மற்ற நாள் ரியூசன். பயிற்றுநரிடமும் நேரே போய்ப் பேசுங்கள், அவர் ஒத்துக்கொள்வார்.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. தேசிய மட்டத்திலோ சர்வதேச மட்டத்திலோ விளையாட்டில் திறமை காட்டிய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனியாக ஒரு சேர்க்கை வைத்திருக்கிறது. உயர்தரத்தில் தேவையான குறைந்தபட்சச் சித்தி இருக்க வேண்டும், ஆகவே புத்தகத்தை மூடவும் முடியாது. விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டம் படிக்க சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கான பாடத் தகைமைகளை வருடா வருடம் வரும் கைநூலில் பாருங்கள்.

அந்தச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகள் சறுக்குவது கடதாசியில். சான்றிதழில் பெயர் ஒரு விதமாக, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து விடுபட்டிருக்கும். சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே பெயரைச் சரிபாருங்கள். பிழை என்றால் அந்தக் கிழமையே வலய அலுவலகத்தில் கொடுத்துத் திருத்துங்கள், நாலு வருடம் கழித்துப் போனால் கையொப்பம் வைத்தவர் அங்கே இருக்கமாட்டார். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள், பிரதியை மட்டும் வெளியே கொடுங்கள்.